மருந்து வராத வீடு

அந்த வீட்டில் புழுக்களுக்கு மரியாதை உண்டு. "எந்திரிங்க, எந்திரிங்க, விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு" என்று சொல்லிக்கொண்டுதான் அக்கா ஒவ்வொன்றையும் இலையிலிருந்து பிரித்தெடுப்பார். எடுத்ததைத் தண்ணீர்ச் சட்டிக்குள் போடும்போதும் முகத்தில் கோபம் இருக்காது. பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றிவிடுகிறவரைப் போல இருப்பார். ஒருநாள் நான் மேலே நின்று, "எல்லாரையும் ஏத்தியாச்சா அக்கா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரு வரமாட்டேன்னு அடம் பிடிக்காவ" என்றார், சிரிக்காமல்.

ஸ்ரீவைகுண்டத்தில் அந்த வீட்டு மாடியறையில் நான் ஒன்றரை வருஷம் குடியிருந்தேன். கீழ்வீட்டின் புறவாசலில் ஒரு நாரத்தை மரம். மூன்று பக்கம் உயரமான சுவர். என் மாடிப்படியை ஒட்டிய நாலாவது பக்கம் சுவருக்குப் பதில் கம்பி அழி, கை நுழைகிற இடைவெளியோடு. தலைக்கு மேலேயும் கம்பிப் பந்தல். குரங்குத் தொல்லைக்காகப் போட்டது என்று வீட்டுக்கார அண்ணாச்சி சொல்லியிருந்தார். மரம் பந்தலுக்குக் கீழே கொஞ்ச காலம் குனிந்து பார்த்துவிட்டு, பிறகு கம்பிச் சதுரங்களுக்குள் கிளைகளை நுழைத்து மேலே வந்துவிட்டது. ஆகையால் அடிமரமும் கீழ்க்கிளைகளும் அக்காவுக்கு, தலை எனக்கு. படியில் பாதி ஏறி நின்றால் உச்சிக் கொழுந்து என் கைக்கு எட்டும். வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது அந்தக் கொழுந்தில்தான் என்பதால், காலையில் பல் தேய்த்துக்கொண்டே இலைகளைப் புரட்டிப் பார்ப்பது என் வேலையாகிப் போனது.

நான் வேளாண்மைப் பட்டயம் படித்தவன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள். ராதாபுரத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். அப்பாவுக்கு ஆடு, அம்மாவுக்குப் பீடிச் சுற்று. பிள்ளை எதற்குப் படித்திருக்கிறான் என்று யாராவது கேட்டால், "பூச்சிக்கு" என்பாள் அம்மா. கேட்டவர்கள் சிரிப்பார்கள். வேளாண்மை அலுவலகத்தில் தற்காலிக வேலை கிடைத்து நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்றுகூடப் பேருந்து நிறுத்தத்தில், "ஏலே, பூச்சி புடிக்கவா அவ்வளவு தூரம் போற, இங்கன கெடக்கே" என்றுதான் வழியனுப்பினார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. குடிவந்த இரண்டாம் நாள் அழிக்குள்ளிருந்து ஓர் இலையை நீட்டினார். "பூச்சிக்குப் படிச்சிருக்கீயளாமே. அப்ப இது யாரு?"

இலையின் மேல் வெள்ளிக்கம்பியை வளைத்து வளைத்து ஒட்டியதுபோல ஒரு தடம். இலையின் தோலுக்கு அடியில் புழு குடைந்துகொண்டே போன வழி. நான் அதன் அறிவியல் பெயரை, தேர்வில் எழுதிய மாதிரியே, முழுதாகச் சொன்னேன்.

"அம்மாடி, இத்தினிப் பூச்சிக்கு அவ்வளவு பெரிய பேரா? நான் கோலக்காரின்னு கூப்பிடுதேன்" என்றார்.

எல்லாவற்றுக்கும் அப்படி ஒரு பெயர் வைத்திருந்தார். பறவை எச்சம் மாதிரி இலையில் ஒட்டிக்கிடந்து ஏமாற்றும் புழு, எச்சக்காரன். அதைத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டி நாற்றம் விடும். "கோவம் வருதாம் தொரைக்கு" என்பார். தண்டில் அப்பிக்கொண்டு அசையாமல் சாறு உறிஞ்சும் செதில் பூச்சிக்கு ஒட்டுக்குடி என்று பெயர்.

அவரை நான் முதலில் மதினி என்றுதான் கூப்பிட்டேன். வீட்டுக்காரர் அண்ணாச்சி என்றால் அவர் மனைவி மதினி, அதுதானே முறை. இரண்டு மூன்று தடவை பேசாமல் இருந்துவிட்டு, "அக்கான்னே கூப்பிடுங்க தம்பி" என்றார். "மதினின்னா அவிய வழியாச் சுத்தி வரணும். அக்கான்னா நேரா வரலாம்."

அண்ணாச்சிக்குக் கடைத்தெருவில் பாத்திரக்கடை. காலையில் போகும்போது வாசல் கிரில் கதவை வெளியிலிருந்து பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். "கள்ளப்பயலுவ கூடிப்போச்சு தம்பி." பதினொரு மணிக்கு ஒருதரம் வருவார். ஒரு மணிக்குச் சாப்பிட வருவார். நாலு மணிக்கும் வருவார். வெயிலில் கடைக்கும் வீட்டுக்கும் இவ்வளவு நடக்கிற மனிதரைப் பார்த்து, மனைவிமேல் எவ்வளவு பிரியம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு முழுக்கத் தப்பு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

நான் வயல்களைச் சுற்றிவிட்டுச் சாயங்காலம் வந்தால், படியடியில் நின்று, "வாங்க தம்பி" என்று தோளில் கைவைத்து நெருங்குவார். மூக்கு லேசாக விரியும். குடித்திருக்கிறேனா என்று சோதிக்கிறார் என நினைத்து, ஒருநாள் நானாகவே வாயைத் திறந்து ஊதிக் காட்டினேன்.

"சே, சே. அதுக்கில்ல" என்று பதறிப்போய்க் கையை எடுத்துக்கொண்டார்.

அக்காவிடம் இருந்த ஆயுதங்கள் இவ்வளவுதான்: ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ், ஒரு தண்ணீர்ச் சட்டி, கிழிந்த பாவாடைத் துணி, சோற்றுக் கஞ்சி. வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்து இலைகளின் மேல் விசிறுவார். வெயில் ஏற ஏறக் கஞ்சி காய்ந்து பொருக்காகும். பொருக்கு உதிரும்போது இலையில் அப்பிய அசுவினிப் பூச்சியையும் கூட்டிக்கொண்டு உதிரும். என் பாடப்புத்தகத்தில் அது ஒரு வரி. அந்த வரியை நான் படித்திருந்தேன். கஞ்சி எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

அந்த மரம் யாரும் வைத்ததல்ல. ஊறுகாய்க்கு நறுக்கியபோது விழுந்த விதை, பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் தானாக முளைத்தது. "கேட்டு வச்சிருந்தா வேண்டாம்னுருப்பாவ" என்று அக்கா சொல்லுவார். "வந்தது நின்னுட்டு."

அவரிடம் ஒரு பழக்கம், எதையும் ரொம்பக் கிட்டத்தில் போய்ப் பார்ப்பது. மூக்கு இலையில் படும். பார்வைக் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தெருமுனைக் கோயில் கோபுரத்தில் குருவி உட்கார்ந்தாலும் அவருக்குத் தெரியும். கோளாறு ஒன்றும் இல்லை, பார்ப்பதற்கு அவருக்கு எதிரில் இருந்தது இலை மட்டும்தான். ஒருநாள் மத்தியானம் என்னை அவசரமாகக் கூப்பிட்டு ஒரு தண்டைக் காட்டினார். செதில் பூச்சிகளின் நடுவே கட்டெறும்பு போய்வந்துகொண்டிருந்தது.

"இவந்தான் தம்பி மொதலாளி. இந்த ஒட்டுக்குடியெல்லாம் இவன் மாடு. தொட்டுத் தொட்டுப் பால் கறக்கான் பாருங்க. வேற பூச்சி எதுவும் இத அண்டவே முடியாது. சுத்தி நின்னு காவக் காக்கான்."

"ஆமா அக்கா. அதனாலதான் எறும்ப மரத்துல ஏறவிடக் கூடாதும்பாங்க" என்றேன்.

"காவலு பலமாத்தான் இருக்கு" என்றார் அக்கா, இன்னும் கிட்டத்தில் குனிந்து. "ஆனா மாட்டுக்குத்தான் காலே கிடையாதே. எங்க போவப் போவுது?"

அன்றைக்கே அடிமரத்தில் துணியைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவினார். எறும்பு ஏறவில்லை. ஆனாலும் அந்த மழைக்காலத்தில் ஒட்டுக்குடிகள் மிஞ்சிப்போய், இலையெல்லாம் கரி அப்பியதுபோல ஆனது. ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி முன்கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் போய், "ஒரே ஒரு தடவ மருந்து அடிச்சா சரியாயிரும் அண்ணாச்சி. நான் வாங்கிட்டு வாறேன்" என்றேன்.

அவர் பேப்பரை மடித்தார். மடித்ததை இன்னொரு தடவை மடித்தார்.

"தம்பி, தண்ணிய எவ்வளவு வேணும்னாலும் பொழங்குங்க. சேக்காளியளக் கூட்டிட்டு வாங்க. பாட்டு வச்சுக் கேளுங்க. இந்த வீட்டுக்குள்ள மருந்து மட்டும் வரக்கூடாது."

"ஒரு சொட்டுக்கூடயா?"

"மூடிகூட."

எனக்குப் புல்லரித்துவிட்டது. அலுவலகத்தில் நாங்கள் நாளெல்லாம் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிற விஷயம். நான் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். "ரொம்ப நல்ல கொள்கை அண்ணாச்சி. எத்தன வருசமாக் கடைப்பிடிக்கீய?"

அவர் என் முகத்தையே பார்த்தார். "பன்னெண்டு வருசம்" என்றார். உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

அதற்குப் பிறகு நான் வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து கொடுத்தேன். அண்ணாச்சி பாட்டிலைத் திறந்து மோந்து, விரலில் தொட்டு, தான் வீட்டில் இருக்கும்போது மட்டும் அடிக்கச் சொன்னார். அதையும் நான் கொள்கைப் பிடிப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

அப்போது வாழை விவசாயிகளுக்கு ஒரு கூட்டம் நடந்தது. வாய்க்கால்கரை ஊர் ஒன்றில், பள்ளிக்கூட வராந்தாவில். மருந்து அடிப்பதைக் குறைப்பது பற்றிப் பேச என் மேலதிகாரி என்னை எழுப்பிவிட்டார். ஒலிபெருக்கியில் என் முதல் பேச்சு. "நான் குடியிருக்கிற வீட்டுக்காரர் பன்னிரண்டு வருஷமாக வீட்டுக்குள் ஒரு சொட்டு மருந்து விட்டதில்லை. அந்தக் கட்டுப்பாடு நம் ஒவ்வொருவருக்கும் வர வேண்டும்" என்றேன். கை தட்டினார்கள். பின்வரிசையில் துண்டு போட்டிருந்த ஒருவர் தட்டாமல், "எந்த வீட்டச் சொல்லுதீரு?" என்று கேட்டார். பெருமையாகப் பாத்திரக்கடையின் அடையாளம் சொன்னேன்.

தேநீர் கொடுக்கும்போது அவர் என்னை வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"என்னவே, படிச்ச ஆளு நீரு. இதப் போயி மேடையிலயா ஏத்துவீரு? அந்தப் பிள்ள மருந்து குடிச்சதுல்லா."

எனக்கு உடனே புரியவில்லை. "எந்த மருந்து?" என்று கேட்டேன்.

"எந்த மருந்துன்னா? வயலுக்கு அடிக்க வாங்கி வச்சிருந்தது. அப்ப அவிய எங்க ஊர்லதான் இருந்தாவ. பொழச்சதே பெரிய காரியம். பொறவு அவரு இருந்த நெலத்தையும் வித்துட்டு டவுனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. நீரு என்னடான்னா கை தட்டச் சொல்லுதீரு."

எங்கள் பக்கத்தில் பயிருக்கு அடிப்பதும் மருந்துதான், காய்ச்சலுக்குத் தருவதும் மருந்துதான், வாழ முடியாதென்று குடிப்பதும் மருந்துதான். என் ஊரிலும் 'மருந்து குடிச்சவ' என்று பெயர் நிலைத்துவிட்ட பெண் உண்டு. அவள் பெயர் என்னவென்று எனக்கு இன்றும் தெரியாது. அது எனக்குத் தெரியாத சொல் அல்ல. தெரிந்திருந்த சொல்லை மறந்துபோகிற அளவுக்குப் படித்திருந்தேன்.

திரும்பி வந்தபோது வீடு அப்படியேதான் இருந்தது. பூட்டு, கம்பிப் பந்தல், பதினொன்று, ஒன்று, நாலு. எதுவும் மாறவில்லை என்பதுதான் பயமாக இருந்தது. பந்தலில் குரங்குக்குட்டி நுழைகிற சந்துகள் இருந்தன, ஆள்தான் நுழைய முடியாது. குரங்குக்குப் போட்டதில்லை அது.

மறுநாள் காலை அக்கா இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் படியில் நின்று, "சாப்பிட்டீங்களா அக்கா? நல்லாத் தூங்குனீங்களா?" என்று கேட்டேன். அதுவரை நான் அப்படிக் கேட்டதே இல்லை.

அவர் பிரஷைக் கீழே வைத்தார். "யாரு சொன்னா?"

"என்னது அக்கா?"

"நேத்து வரைக்கும் மரத்தப் பாத்துப் பேசுனீய. இன்னைக்கு என்னயப் பாத்துப் பேசுதீய."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குக் கோபம் இல்லை. மரத்திடம் சொல்வதுபோலச் சொன்னார்: "அது ஒரு நாள் தம்பி. ஒரே ஒரு நாள். எதுக்குன்னு இப்பக் கேட்டா எனக்கே சரியாச் சொல்லத் தெரியல. அன்னைக்கு அது பெருசா இருந்துச்சு. மத்த நாளெல்லாம் நான் இந்தா, இப்பிடித்தான் இருக்கேன். அந்த ஒரு நாள யாரும் மறக்க மாட்டாவ. இந்தப் பன்னெண்டு வருசத்த யாரும் பாக்க மாட்டாவ."

"அண்ணாச்சிக்குப் பயம் அக்கா."

"அவியளுக்குப் பயம்தான். நான் இல்லன்னு சொல்லலியே. என் பயத்த விட அவிய பயம் பெருசு. அதுக்குள்ளதான் ரெண்டு பேரும் குடியிருக்கோம்."

பிறகு பிரஷை எடுத்துக்கொண்டு, "மேல கொழுந்தப் பாருங்க. ரெண்டு நாளாப் பாக்கல நீங்க" என்றார்.

பங்குனியில் தண்டு துளைப்பான் வந்தது. மரத்தின் அடியில் ரம்பத்தூள் மாதிரி மஞ்சளாகக் கொஞ்சம் தூள் கிடப்பதை அக்காதான் முதலில் பார்த்தார். கூட்டிப் பெருக்கினால் மறுநாளும் கிடந்தது. மேலே ஒரு கிளை மட்டும் வாடியது. அடிமரத்தில் இரண்டு துளை. இவ்வளவு நாளும் இலையில், தண்டில், கண்ணுக்கு எதிரே இருந்த பூச்சிகளை அவர் கையாலேயே ஜெயித்துவந்தார். இது உள்ளே இருந்தது. இதற்கு அவர் பெயர் வைக்கவில்லை.

என் பழைய சைக்கிள் சக்கரத்துக் கம்பி ஒன்றை வளைத்துக் கொடுத்தேன். அதைத் துளைக்குள் விட்டு மணிக்கணக்கில் நெம்பினார். ஒரு புழு குத்துப்பட்டு வந்தது, சுண்டுவிரல் நீளத்துக்கு. மற்றது ஆழத்தில் இருந்தது. மரத்தில் காதை வைத்து, "தின்னுதது கேக்கு தம்பி" என்றார். எனக்கு அழிக்கு வெளியே கேட்கவில்லை.

இதற்கு வழி ஒன்றுதான். துளைக்குள் கொஞ்சம் மருந்தைச் செலுத்தி, களிமண்ணால் அடைத்துவிட வேண்டும். ஓர் ஊசி அளவு போதும். நானே அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன். கடையில் குடங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"நீங்க பொறுப்பான பிள்ளன்னு எனக்குத் தெரியும் தம்பி. ஆனா அந்த வாசம் ஒங்களுக்குத் தெரியாது. சேல பூரா அந்த வாசம். ஆட்டோவுல என் மடியிலதான் தல. நான் இன்னைக்கும் கைய மோந்து பாத்துட்டுத்தான் சோத்துல வைக்கேன்." ஒரு தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். "மரம் வேண்டாம். ஞாயித்துக்கெழம ஆளு வாறான். வெட்டிருவோம்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா அழியருகே வந்து நின்றார்.

"கொஞ்சம் மருந்து வாங்கித் தாறீயளா தம்பி?"

நான் தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"கள்ளத்தனமா வேண்டாம். போட்ட பொறவு நானே அவியகிட்டச் சொல்லிருவேன். ஆனா நான் போடணும். என் கையால வாங்கி, நானே போட்டு, மண்ண அப்பி, மிச்சத்த உங்ககிட்டத் திருப்பித் தரணும். அவ்வளவுதான்." பிறகு, "மரம் பொழைக்காட்டாலும் போவுது" என்றார்.

"வாங்கிட்டு வாறேன் அக்கா. நீங்களே போடுங்க" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவன் ஒரு மனுஷிக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை அது என்று, அன்று அறைக்குப் போய் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மரம் வெட்டப்படவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆள் கோடாலியோடு வந்து நின்றபோது, மண் பூசிய இரண்டு துளைகளையும் அக்கா அண்ணாச்சிக்குக் காட்டினார். புதுத் தூள் விழவில்லை. அண்ணாச்சி குனிந்து மோந்து பார்த்தார். நிமிர்ந்து படியில் நின்ற என்னைப் பார்த்தார்.

"தம்பி வெளிய நின்னேதான் போட்டாவ. நான் கையால தொடல" என்றார் அக்கா.

அண்ணாச்சி வந்த ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். எனக்கு நாங்குநேரிக்கு மாற்றல் வந்து நான் அறையைக் காலி செய்தபோது, வாடிய கிளைக்குப் பக்கத்திலேயே புதுக் கொழுந்து விட்டிருந்தது.

அக்கா சொன்னது உண்மை. அவர் கையால் தொடவில்லை. அது எப்படி உண்மையானது என்பதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

சனிக்கிழமை, அண்ணாச்சி பதினொரு மணிக்கு வந்து போன பிறகு, நான் சிரிஞ்சில் மருந்தை ஏற்றி, பாலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்தேன். அக்கா தலைகுளித்து, நல்ல சேலை ஒன்று கட்டியிருந்தார். எங்காவது விசேஷத்துக்குப் புறப்பட்டவர் மாதிரி இருந்தது. மண்ணைப் பிசைந்து இரண்டு உருண்டையாக உருட்டி ஈரத்துணியில் மூடி வைத்திருந்தார். அழியின் கம்பிகளுக்கு இடையே வலது கையை வெளியே நீட்டி, உள்ளங்கையை விரித்தார். விரல்களில் நாரத்தை முள் கிழித்த கோடுகள்.

நான் பையைப் பிரித்தேன். சிரிஞ்சை எடுத்தேன். அந்த வாசம் வந்தது. வயல்களில் தினமும் அதற்குள்தான் நடந்திருக்கிறேன், ஒருநாளும் எனக்கு உறைத்ததில்லை. என் கை நீளவில்லை.

"நானே போட்டுருதேன் அக்கா" என்றேன். "இது கையில பட்டா அரிக்கும்."

"அரிக்குமா?"

"ஆமா. ரொம்ப அரிக்கும்."

அவர் கை அப்படியே நீண்டிருந்தது. ஒரு கட்டெறும்பு அவர் மணிக்கட்டில் ஏறி, சுண்டுவிரல் நுனிவரை நடந்து, வழி இல்லாமல் திரும்பி நடந்தது. பிறகு கையை உள்ளே எடுத்துக்கொண்டு, மரத்தை விட்டு விலகி எனக்கு இடம் கொடுத்தார்.

நான் கம்பிகளுக்கு இடையே கையைத் தோள்வரை நுழைத்தேன். "கொஞ்சம் கீழ. இடது பக்கம். ஆங், அங்கனதான்." அவர் சொல்லச் சொல்ல முதல் துளையில் செலுத்தினேன். அடுத்ததிலும் செலுத்தினேன். அவர் உருண்டையை எடுத்து அப்பி, கட்டைவிரலால் அழுத்தி மெழுகினார். பாதி மருந்து சிரிஞ்சிலேயே மிஞ்சியிருந்தது.

கையை இழுத்தேன். வரவில்லை. முழங்கை கம்பிகளுக்கு இடையே சிக்கிக்கொண்டது. பலமாக இழுத்தேன். தோல் வழன்றது.

"இழுக்காதீய, வீங்கிரும். விரல விரிச்சுக் கைய ஒடுக்கித் திருப்பணும்" என்றார் அக்கா. "கையில உள்ளத விடுங்க."

நான் விடவில்லை. என் கை முழுவதும் அவர் பக்கம் இருந்தது. விட்டால் அது அவர் காலடியில் விழும்.

"தம்பி, அத விட்டாத்தான் கை வெளிய வரும்."

அப்போதும் நான் விரல்களை இறுக்கிக்கொண்டேதான் இருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். இலையைப் பார்ப்பதுபோல, அவ்வளவு கிட்டத்தில் பார்த்தார். பிறகு பின்பக்கமாகவே இரண்டு எட்டு நடந்து, சுவரோடு ஒட்டி நின்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் இங்கனயே நிக்கேன். நீங்க கீழ போடுங்க."

போட்டேன். அது சிமெண்ட் தரையில் உருண்டு, மரத்தூளில் போய் நின்றது.

அவர் அதைச் சுற்றிக்கொண்டு வந்தார். விளக்கெண்ணெயைத் தொட்டு என் முழங்கையில் தடவினார். "பைய, பைய" என்று சொல்லிக்கொண்டே, தண்டில் ஒட்டியதைப் பிரிக்கிற அதே விரல்களால் என் கையைத் திருப்பித் திருப்பிக் கம்பிக்கு வெளியே விட்டார். அவர் மூலையில் கிடந்த, தூள் கூட்டுகிற வாரியலை எடுத்து, சேலை தரையில் படாமல் தூக்கிச் செருகிக்கொண்டு, தூளோடு சேர்த்து அந்தச் சிரிஞ்சைத் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்தார். அழியின் அடிக்கட்டில் ஒருதரம் தட்டி நின்றது. வாரியல் நுனியால் இன்னொருதரம் தள்ளினார். வெளியே வந்து என் செருப்பருகே விழுந்தது.

நான் குனிந்து எடுத்தேன். அக்கா குழாயடிக்குப் போய், மருந்தைத் தொடாத கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவி, மோந்து பார்த்துக்கொண்டார். மணி ஒன்றாகப் போகிறது. அண்ணாச்சி வருகிற நேரம்.